28 நாள் தாண்டியவர்களை வெற்றிக் கணக்கில் எழுதலாமா? ஓராண்டுக் கணக்கு எடுப்பது எப்படி?

துவாஸ்_நலக்குழு:

வணக்கம். ஒரு கப்பல் பட்டறையின் ஊழியர் நலப் பிரிவுக்காகப் புகைப்பழக்கத்தை விடும் திட்டம் நடத்துகிறோம். சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘ஐ குவிட்’ 28 நாள் முறையை ஒட்டி அமைத்தது. வாரம் ஒருமுறை ஆலோசனை, தேவைப்படுவோருக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை அல்லது சூயிங்கம், சிகரெட் புகையால் மூச்சில் தங்கும் வாயுவை ஊதிப் பார்க்கக் கார்பன் மோனாக்சைடு மீட்டர், 28 நாள் தாண்டினால் பற்றுச்சீட்டு (வவுச்சர்). சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள். மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

நிர்வாகம் இப்போது “ஓராண்டில் எத்தனை விழுக்காடு வெற்றி?” என்று கேட்கிறது. எங்கள் எண்களை இங்கே போட அனுமதியில்லை. ஆனால் எந்தக் கணக்கு சரி என்பதிலேயே குழுவுக்குள் நான்கு கருத்து இருக்கிறது. யாரை மொத்தத்தில் சேர்ப்பது? 28 நாளா, 6 மாதமா, 12 மாதமா? வாய்ச்சொல் போதுமா, மீட்டர் வேண்டுமா? ஊருக்குத் திரும்பிவிட்டவரை என்ன செய்வது? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் அடுத்து சேரும் குழுவுக்காவது சரியாகத் திட்டமிடலாம்.

---

எண்ணும்_எழுத்தும்:

முதலில் பகுதியை (வகுக்கும் எண், அதாவது மொத்தத்தில் யார் யார் என்பதை) பிடியுங்கள், தொகுதி (விட்டவர் எண்ணிக்கை) பிறகு. நீங்கள் எண் தரவில்லை, அதனால் நானே ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன்.

80 பேர் விட்ட நாள் குறித்துச் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். 52 பேர் 28ஆம் நாள் வரை வந்தார்கள், அவர்களில் 39 பேர் புகைக்கவில்லை. 12ஆம் மாதத்தில் 34 பேர்தான் தொலைபேசியில் கிடைத்தார்கள். 20 பேர் “விட்டுவிட்டேன்” என்றார்கள். அந்த 20 பேரில் மீட்டரில் ஊதியும் தேறியவர்கள் 14 பேர்.

இதே திட்டத்தை 39/52 என்று எழுதினால் 75 விழுக்காடு. 20/34 என்றால் 59. 20/80 என்றால் 25. 14/80 என்றால் 17.5. நான்கிலும் வகுத்தல் சரி. விளம்பரத் தாளில் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றுதான் வரும். ‘கடைசிவரை வந்தவர்களில்’ என்று பகுதியைச் சுருக்கினால், திட்டத்தைப் பாதியில் விட்டவர்கள், அதாவது பெரும்பாலும் மறுபடி பிடிக்கத் தொடங்கியவர்கள், கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுவார்கள்.

இதற்குத் துறையில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ரஸல் ஸ்டாண்டர்ட். ராபர்ட் வெஸ்ட், பீட்டர் ஹாயெக் உள்ளிட்ட நால்வர் 2005இல் வகுத்தது. சுருக்கமாகச் சொன்னால், விட்ட நாளிலிருந்து 6 அல்லது 12 மாதம் தொடர்ந்து பார்க்க வேண்டும். அந்தக் காலம் முழுவதிலும் மொத்தம் 5 சிகரெட்டுக்கு மேல் போயிருக்கக் கூடாது. முடிவு நாளில் உடற்சோதனையால் உறுதி செய்ய வேண்டும். சேர்ந்த அனைவரும் பகுதியில் இருக்க வேண்டும், கிடைக்காதவர் புகைப்பவராகவே எண்ணப்படுவார். இறந்தவர், கண்டுபிடிக்கவே முடியாத முகவரிக்குப் போனவர் மட்டும் பகுதியிலிருந்து விலக்கு. இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வாக இருந்தால், சோதனை எடுப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

அந்த 5 சிகரெட் தளர்வைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் ஒன்று பற்றவைத்துவிட்டு மறுநாள் நிறுத்தியவரும், மறுபடி நாளுக்கு 10 என்று போனவரும் ஒரே பெட்டிக்குள் விழக் கூடாது என்பதற்காகத்தான் அது.

28 நாளைப் பற்றி. அது பயனற்ற அளவு அல்ல. அது இடைநிலை அளவு, சேவை ஒழுங்காக நடக்கிறதா என்று காட்டும். இங்கிலாந்துச் சேவைகள் 4 வார அளவை இப்படி எடுக்கின்றன: விட்ட நாளிலிருந்து 25 முதல் 42 நாளுக்குள் பார்க்க வேண்டும், கடைசி இரண்டு வாரத்தில் ஒரு இழுப்புகூட இருக்கக் கூடாது. ஆனால் 28 நாளில் நின்றவர் எல்லாரும் ஓராண்டில் நிற்பதில்லை. புகையை விட உதவும் மருந்துகளை ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த ஈகிள்ஸ் ஆய்வில் 8,144 பேர். வாரெனிக்ளின் மாத்திரை எடுத்தவர்களில் 9 முதல் 12ஆம் வாரம்வரை தொடர்ந்து புகைக்காதவர்கள் 33.5 விழுக்காடு. அதையே 24ஆம் வாரம்வரை நீட்டினால் 21.8. நிக்கோட்டின் பட்டைக்கு 23.4 என்பது 15.7 ஆனது. வெற்று மாத்திரைக்கு 12.5 என்பது 9.4. உலகத்தரச் சிகிச்சைக்கே இந்த அளவு என்றால், ஒரு பட்டறைத் திட்டம் ஓராண்டில் 60 விழுக்காடு என்று வந்து நிற்கும்போது பகுதியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

12 மாதத்தோடும் கதை முடிவதில்லை. எட்டர், ஸ்டேபிள்டன் இருவரும் 2006இல் நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை ஆய்வுகள் 12ஐச் சேர்த்துப் பார்த்தார்கள். 2 முதல் 8 ஆண்டுவரை தொடர்ந்து பார்த்தவை அவை. ஓராண்டில் விட்டிருந்தவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் அதன்பிறகு மறுபடி பிடித்திருந்தார்கள். மாதிரிக் கணக்கின் 14 பேரில் நெடுநாள் நிற்பவர் சுமார் 10 பேர் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

கடைசியாக, 17.5 என்ற எண்ணைத் தனியாக எழுதாதீர்கள். 80 பேருக்கு அதன் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி, அதாவது உண்மை அளவு இருக்கக்கூடிய வீச்சு, ஏறக்குறைய 11 முதல் 27 வரை. வில்சன் என்ற புள்ளியியல் முறையில் போட்டால் இதுதான் வரும். அடுத்த ஆண்டு 21 வந்தால் ‘முன்னேற்றம்’ என்று யாரும் கைதட்ட இடமில்லாமல் போகும்.

---

தாதி_உட்லண்ட்ஸ்:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் மீட்டர் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா கப்பல் பட்டறைன்னு சொன்னதுமே அதுலதான் சிக்கல் வரும்னு தோணுச்சு.

ஊதுற முறை முதல்ல. மீட்டரைத் திறந்து சுத்தமான காத்துல 0 காட்டுதான்னு பாருங்க. நல்லா மூச்சை இழுத்து 15 விநாடி அடக்கச் சொல்லுங்க. அப்புறம் மெதுவா, நுரையீரல் காலியாகுற வரைக்கும் ஊதணும். பலூன் ஊதுற மாதிரி ‘உப்’னு ஊதினா வாயில இருக்குற காத்துதான் போகும், அளவு குறைஞ்சு காட்டும். அடக்க முடியாம 5 விநாடியில ஊதிட்டாலும் அப்படித்தான். அந்த அளவைப் பதியாதீங்க. ரெண்டு நிமிஷம் விட்டு மறுபடி எடுங்க. அட்டைக்குழாய் ஆளுக்கு ஒண்ணு. மீட்டரை ஆல்கஹால் துடைப்பானால துடைக்காதீங்க, உள்ள இருக்குற உணர்கருவி ஆல்கஹாலுக்கும் அசையும். கை சுத்திகரிப்பான் போட்ட ஈரக்கையோட பிடிக்கவும் விடாதீங்க. அளவீட்டுச் சரிபார்ப்புக்குத் தயாரிப்பாளர் ஒரு கால இடைவெளி சொல்லியிருப்பாங்க, அந்தத் தேதியை மீட்டர் முதுகுலயே ஒட்டிவைங்க.

எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) வரைக்கும் ‘புகைக்கல’ன்னு எடுத்துக்கிறது? பழைய கணக்கு 10க்குக் கீழ. 2020ல வந்த பரிந்துரை 5லேர்ந்து 6 வரைக்கும்னு இறக்கிடுச்சு, ஏன்னா இப்ப நாளுக்கு நாலஞ்சு சிகரெட் பிடிக்கிறவங்க அதிகம், அவங்க 10க்குக் கீழ சுலபமா வந்துடுவாங்க. எதை வச்சாலும் திட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி எழுதிவைங்க. முடிவு வந்தப்புறம் வெட்டுக்கோட்டை நகர்த்துறது வேண்டாம்.

இப்ப நேரம். கார்பன் மோனாக்சைடு உடம்புல பாதியாகுறதுக்குச் சராசரியா 4, 5 மணி நேரம். தூக்கத்துல இன்னும் மெதுவா, உழைச்சு மூச்சு வாங்குறப்போ வேகமா இறங்கும். ராத்திரி 11 மணிக்குக் கடைசி சிகரெட், அப்ப 10 பிபிஎம்னு வைங்க. 5 மணி நேரக் கணக்குல காலை 7 மணிக்கு 3 கிட்ட வந்துடும். அதாவது வேலை தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாரையும் வரிசையில நிக்கவச்சு ஊதச் சொன்னா, குறைவா பிடிக்கிறவங்க பாதிப்பேர் பாஸ்.

சரி, அப்ப சாயங்காலம் எடுக்கலாமேன்னா, பட்டறையில அதுவும் சரிப்படாது. கரியமில வாயுவைக் கவசமா விட்டுப் பற்றவைக்கிற வெல்டிங்கில கார்பன் மோனாக்சைடு வரும். மூடின அறைக்குள்ள டீசல் ஃபோர்க்லிஃப்ட் ஓடினாலும் வரும். சிகரெட்டையே தொடாத வெல்டர் வேலை முடிஞ்சு ஊதி 8 காட்டினா, அவரைப் பொய்யர்னு எழுதிடுவீங்க. அந்த மனுஷன் அடுத்த தடவை வரவே மாட்டார்.

அதனால ஓய்வு நாள், அதுவும் காலை 11லேர்ந்து 1 மணிக்குள்ள, விடுதியிலயே எடுங்க. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கிளம்புறதுக்கு முன்னாடி. முந்தின நாள் பட்டறைப் புகை இறங்கியிருக்கும். பழக்கம் இருக்குறவங்க எழுந்ததும் ஒண்ணு ரெண்டு பிடிச்சிருப்பாங்க, அது காட்டிக்கொடுத்துடும். மேசையை சமையற்கூடத்துப் பக்கத்துல போடாதீங்க, கேஸ் அடுப்பு அளவைக் கொஞ்சம் தூக்கிவிடும். புகைக்கிற இடமா வச்சிருக்கிற மூலையிலயும் போடாதீங்க.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க நிறையப் பேருக்குப் பால் ஒத்துக்காது. பால்ச்சர்க்கரை செரிக்காம குடல்ல ஹைட்ரஜன் உண்டாகி மூச்சுல வரும், சில மீட்டர் அதைக் கார்பன் மோனாக்சைடுன்னு படிச்சிடும். ஒருத்தர் அடிச்சுச் சொல்றார், அளவு மட்டும் 10, 12ன்னு நிக்குதுன்னா ‘காலையில டீ, தயிர் சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டுட்டு இன்னொரு நாள் எடுங்க. இல்லன்னா உமிழ்நீர் கோட்டினின் சோதனைக்குப் போங்க. நிக்கோட்டின் உடம்புல சிதைஞ்சு உண்டாகுறதுதான் கோட்டினின்.

கோட்டினின் உடம்புல பாதியாக 16 மணி நேரம் போல ஆகும், அதனால ரெண்டு மூணு நாள் வரைக்கும் பிடிக்கும். ஆனா பட்டை ஒட்டியிருக்கிறவங்க, சூயிங்கம் மெல்றவங்க எல்லாரும் அதுல பாசிட்டிவ்தான், நிக்கோட்டின் எங்கிருந்து வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. அவங்களுக்கு மீட்டர் மட்டும்தான் வழி. ஆய்வகத்துல அனபசீன் (புகையிலையில இருக்குற, பட்டையில இல்லாத பொருள்) பார்த்தா புகையிலையா பட்டையான்னு பிரிச்சுச் சொல்லும், ஆனா நலத்திட்டத்துக்கு அவ்வளவு செலவு தேவையில்லைன்னுதான் நான் சொல்வேன்.

---

விடுதித்_தொண்டூழியர்:

கணக்கைவிட ஆளைப் பிடிப்பதுதான் கடினம். வெளிநாட்டு ஊழியர்களிடம் 12 மாதத் தொடர்பு அறுந்துபோக மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது எண். ப்ரீபெய்ட் சிம் காலாவதியாகும், அல்லது ஊருக்குப் போய் வந்ததும் புது சிம் போடுவார். சேரும் நாளிலேயே நான்கு தொடர்பு வாங்குங்கள்: சிங்கப்பூர் எண், வாட்ஸ்அப் எண் (பலருக்கு அது இன்னும் ஊர் எண்தான்), வீட்டு எண், அறைத்தோழர் ஒருவரின் எண். வீட்டு எண்ணை எதற்கு வாங்குகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லி, வீட்டாரிடம் என்ன சொல்லலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். புகைப்பது வீட்டுக்குத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். 1, 3, 6 மாதங்களில் ஒவ்வொரு முறை பேசும்போதும் “இந்த எண்தானே?” என்று புதுப்பித்துக்கொள்ளுங்கள். 12ஆம் மாதம் வரை பேசாமல் இருந்துவிட்டு அப்போது தேடினால் கிடைக்கமாட்டார்.

இரண்டாவது மோசடி அச்சம். தெரியாத எண்ணை இங்கே யாரும் எடுப்பதில்லை, அது நல்லதும்கூட. 2023 ஜனவரி 31 முதல் பதிவு செய்யாத பெயரில் போகும் குறுஞ்செய்திகளுக்கு ‘லைக்லி ஸ்கேம்’ என்ற முத்திரை விழுகிறது. நிறுவனப் பெயரில் மொத்தமாக அனுப்பும் செயலி பதிவு செய்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் நினைவூட்டல் எல்லாம் அந்த முத்திரையோடுதான் போய்ச் சேரும். அழைப்பதற்கு முன்தினம், அவருக்கு முகம் தெரிந்த ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல்செய்தி விடுவது நன்றாக வேலை செய்யும். “நாளைக்கு ராத்திரி எட்டரைக்கு இந்த எண்ணிலிருந்து கூப்பிடுவாங்க, காசு எதுவும் கேக்க மாட்டாங்க” என்ற அளவில் இருந்தால் போதும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் ஐந்தாறு முறையாவது முயன்ற பிறகுதான் ‘கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டும். முயன்ற தேதியும் நேரமும் பதிவில் இருக்கட்டும்.

மூன்றாவது வெட்கம். மறுபடி பிடித்தவர் அழைப்பைத் தவிர்ப்பார். பற்றுச்சீட்டை ‘புகைக்கவில்லை’ என்பதற்கு மட்டும் கொடுத்தால் இது இன்னும் கூடும். சோதனைக்கு வந்ததற்கே ஒரு சிறு தொகை கொடுங்கள், முடிவு எதுவானாலும். பிடித்துக்கொண்டிருப்பவரும் வந்து ஊதினால்தான் உங்கள் கணக்கு கணக்காக இருக்கும்.

கேள்வி கேட்கும் முறையும் முக்கியம். “விட்டுட்டீங்கதானே?” என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: “கடந்த 7 நாளில் ஒரு இழுப்பாவது இழுத்தீங்களா?” அடுத்து, “விட்ட நாளிலிருந்து இன்றுவரை மொத்தம் எத்தனை இருக்கும்? ஒன்றுமில்லையா, 1 முதல் 5க்குள்ளா, அதற்கு மேலா?” முதல் கேள்வி 7 நாள் நிலவரத்தைத் தரும், இரண்டாவது தொடர் விலகலை. இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். போன வாரம்தான் மூன்றாவது முறையாக விட்டவர் முதல் கேள்வியில் தேறுவார், இரண்டாவதில் தேறமாட்டார். ஆலோசனை கொடுத்தவரே இதைக் கேட்கக் கூடாது. மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கவே கூடாது.

---

கிழக்கோர_ஆய்வாளர்:

‘கிடைக்காதவர் புகைப்பவர்’ என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே அது குறிப்பாக இடறும்.

இரண்டு விடுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் உண்மையில் 20 விழுக்காட்டினர் விட்டிருக்கிறார்கள். முதல் விடுதியில் 90 விழுக்காட்டினரைத் தொடர்புகொள்ள முடிந்தது, இரண்டாவதில் 60 விழுக்காட்டினரை. கிடைக்காதவர்களிலும் அதே விகிதம் என்றால், முதல் விடுதிக்கு 18 விழுக்காடு, இரண்டாவதற்கு 12 என்று வரும். அந்த 6 விழுக்காட்டு வித்தியாசம் ஆலோசனையால் வந்ததல்ல, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர் எண்ணிக்கையால் வந்தது. இதை வைத்து ‘இரண்டாவது விடுதியின் ஆலோசகர் சரியில்லை’ என்று முடிவெடுத்தால் பாவம் அவர்.

அதற்காகக் கிடைத்தவர்களை மட்டும் எண்ணுங்கள் என்று சொல்லவில்லை. இரு எல்லைகளையும் எழுதுங்கள். எல்லாரும் பகுதியில், கிடைக்காதவர் புகைப்பவர், மீட்டர் உறுதி என்பது கீழெல்லை. கிடைத்தவர்களில் மட்டும் என்பது மேல்பக்கம். தொடர்பு விழுக்காட்டை இரண்டுக்கும் நடுவில் பளிச்சென்று போடுங்கள். ஊர் திரும்பியவருக்கு ஒரு விதியை முன்கூட்டியே எழுதுங்கள். என் யோசனை: ஊர் திரும்பினாலும் வாட்ஸ்அப்பில் கிடைப்பவர் ‘கண்டுபிடிக்க முடியாதவர்’ ஆகமாட்டார், அதனால் பகுதியை விட்டு வெளியே போகமாட்டார். மீட்டரில் ஊத முடியாததால் முதன்மைக் கணக்கில் தேறமாட்டார். அவர் வாய்ச்சொல்லை ‘உறுதி செய்யப்படாதவை’ என்று தனி வரியில் காட்டுங்கள்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை வேறு. ஒப்பீட்டுக்குழு இல்லாமல் 17.5 விழுக்காடு என்பதற்கு என்ன பொருள்? எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் 6 முதல் 12 மாதத்தில் நிற்பவர் 3 முதல் 5 விழுக்காடு என்பது 2004இல் ஹியூஸ் குழு தொகுத்த முடிவு. அதை அடிமட்டமாக வைக்கலாம்தான். ஆனால் உங்களிடம் கையெழுத்திட்டு வந்தவர்கள் ஏற்கெனவே உறுதியோடு வந்தவர்கள். அதோடு, வெளியுலகம் சும்மா இருப்பதில்லை. 2021 ஜனவரி 1 முதல் சிகரெட் வாங்கக் குறைந்தபட்ச வயது 21. 2020 ஜூலையில் எல்லாச் சிகரெட்டுக்கும் ஒரே மாதிரிப் பொட்டலம் வந்தது. 2023 பிப்ரவரி 14இல் புகையிலைத் தீர்வை 15 விழுக்காடு ஏறியது. இப்படி ஒன்று உங்கள் 12 மாதத்துக்குள் விழுந்தால், அதன் பலனையும் உங்கள் திட்டத்தின் பெயரில் எழுதிவிடுவீர்கள். நாடு முழுவதும் புகைப்பவர் விகிதம் 2020இல் 10.1 விழுக்காடு, 2023இல் 8.8. இந்த இறக்கத்தைக் காட்டி ‘எங்கள் திட்டம் வேலை செய்கிறது’ என்று யாரும் சொல்ல முடியாது.

செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. எல்லா விடுதிக் கட்டடங்களிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். எந்தக் கட்டடம் முதலில், எது மூன்று மாதம் கழித்து, எது ஆறு மாதம் கழித்து என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். காத்திருக்கும் கட்டடங்களிலும் முதல் நாளே புகைப்பவர்களைப் பதிந்து, அதே கேள்வி, அதே மீட்டர். யாருக்கும் உதவி மறுக்கப்படுவதில்லை, ஒப்பீடும் கிடைத்துவிடும்.

ஊக்கத்தொகை பற்றி ஒரு சேர்க்கை. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஊழியர் 878 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வந்தது. பணம் பெற்ற குழுவில் 9 அல்லது 12ஆம் மாதத்தில் விட்டவர்கள் 14.7 விழுக்காடு, மற்றதில் 5.0. பணம் நின்று ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 9.4, 3.6. பலன் இருந்தது, ஆனால் சுருங்கியது. உங்கள் கடைசிப் பற்றுச்சீட்டு எந்த மாதம் போகிறதோ, அதற்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் கழித்து ஒரு அளவு எடுங்கள். பற்றுச்சீட்டு வாங்கும் நாளன்று எடுக்கும் அளவை நெடுங்கால வெற்றி என்று எழுத வேண்டாம்.

---

துவாஸ்_நலக்குழு:

அனைவருக்கும் நன்றி. பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இன்னும் மூன்று இருக்கிறது. சிகரெட்டை விட்டுவிட்டு வாயில் புகையிலை அடக்குபவர், ஒளித்து மின்சிகரெட் இழுப்பவர் எந்தப் பக்கம்? ஜனவரியில் சேர்ந்து சறுக்கி, மே மாதம் மறுபடி சேர்ந்தவர் ஒருவரா இருவரா? கடைசியாக, மனிதவளப் பிரிவு பெயர்ப் பட்டியல் கேட்கிறது. கொடுக்கலாமா?

---

தாதி_உட்லண்ட்ஸ்:

மெல்ற புகையிலை, மின்சிகரெட் ரெண்டுமே மீட்டர்ல 1, 2ன்னுதான் காட்டும், ஏன்னா எதுவும் எரியல. மீட்டரை மட்டும் நம்பினா அவங்க எல்லாம் வெற்றிக் கணக்குல வந்துடுவாங்க. அதனால ‘சிகரெட், பீடி புகைக்கல’ ஒரு வரி, ‘எந்தப் புகையிலையும் மின்சிகரெட்டும் இல்ல’ இன்னொரு வரி. முதன்மைக் கணக்கு எதுன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. என்னைக் கேட்டா ரெண்டாவது.

ஆனா இங்க ஒரு தயக்கம் இருக்கும். குட்கா, கைனி, ஜர்தா எல்லாம் 2016 ஆகஸ்டுலேர்ந்து தடை. மின்சிகரெட்டை வச்சிருக்கிறதே 2018 பிப்ரவரியிலேர்ந்து குத்தம். படிவத்துல பேர் போட்டு ‘ஹான்ஸ் போடுறீங்களா’ன்னு கேட்டா யாராவது ஆமாங்கிறாங்களா? பேருக்குப் பதிலா எண் போட்ட தாள், மூடின பெட்டி. இல்லன்னா பட்டை, சூயிங்கம் எல்லாம் நிறுத்தி ரெண்டு வாரம் ஆனவங்களுக்கு மட்டும் கோட்டினின் எடுங்க. மீட்டர் குறைவு, கோட்டினின் அதிகம்னா என்னன்னு புரிஞ்சுக்கலாம். பக்கத்துல யாரோ பிடிச்ச புகையால அவ்வளவு ஏறாது.

---

எண்ணும்_எழுத்தும்:

மறுபடி சேர்ந்தவர் ஒருவரே. அவருடைய முதல் விட்ட நாள்தான் அவர் தேதி, 12 மாதமும் அங்கிருந்துதான். மே மாத முயற்சியில் நின்றுவிட்டால் நல்லது, அதை ‘மறுமுயற்சியில் விட்டவர்கள்’ என்று தனியாகக் காட்டுங்கள். முயற்சிகளை எண்ணினால் ஒரே ஆள் பகுதியில் மூன்று, தொகுதியில் ஒன்று என்று வந்து இரண்டு பக்கமும் குழம்பும். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, பெயரும் எண்ணும் உள்ள பட்டியலைத் தனிக் கோப்பில் பூட்டிவையுங்கள்.

ஆனால் மறுமுயற்சியைக் குறைத்து மதிக்காதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த நுரையீரல் நல ஆய்வில் 5,887 புகைப்பவர்கள். தீவிர உதவி பெற்ற குழுவில் 5 ஆண்டு தொடர்ந்து விட்டிருந்தவர்கள் 21.7 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் 5.4. அவர்களுக்கு 10 வாரத்தில் 12 கூட்டங்களும் நிக்கோட்டின் சூயிங்கமும் கொடுத்தார்கள், அதோடு விடவில்லை, ஆண்டுகளாகத் தொடர்ந்து பிடித்துவைத்தார்கள். 14.5 ஆண்டு கழித்து இறப்பு விகிதம் ஆயிரம் ஆள்-ஆண்டுக்கு (ஒருவரை ஓராண்டு பார்த்தால் ஒரு ஆள்-ஆண்டு) 8.83, மற்ற குழுவில் 10.38. ஐந்தில் ஒருவர்தான் விட்டார், அதற்கே குழு முழுவதன் இறப்புக் கணக்கும் நகர்ந்தது. 17 விழுக்காட்டைப் பார்த்து நிர்வாகம் உதட்டைப் பிதுக்கினால் இதைக் காட்டுங்கள்.

---

விடுதித்_தொண்டூழியர்:

மனிதவளப் பிரிவுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். வேலை அனுமதி அவர்கள் கையில் இருப்பதாக நினைக்கும் ஊழியர் ‘மறுபடி பிடித்தேன்’ என்று ஒருபோதும் சொல்லமாட்டார், அதோடு உங்கள் கணக்கும் போய்விடும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி எதற்காக வாங்கினீர்களோ அதற்குத்தான் பயன்படுத்தலாம். ஒப்புதல் தாளில் ‘மொத்த எண்ணிக்கை மட்டுமே நிறுவனத்துக்குப் போகும்’ என்று தமிழிலேயே எழுதுங்கள், சேரும்போதே படித்தும் காட்டுங்கள். பிரிவு வாரியாக எண் கேட்டால் 5 பேருக்குக் குறைவான கட்டத்தை மறைத்துவிடுங்கள். மூன்று வெல்டர்களில் ஒருவர் விட்டார் என்றால் மற்ற இருவர் யார் என்பது பட்டறைக்கே தெரியும்.

---

கிழக்கோர_ஆய்வாளர்:

அடுத்து சேரும் குழுவுக்கு முன் ஒரு பக்கத் தாள் எழுதித் தேதி போட்டு எல்லாரும் கையெழுத்திடுங்கள். விட்ட நாள் எது, சலுகை நாள், அதாவது விட்ட நாளுக்குப் பின் சறுக்கலை எண்ணாத நாள், எத்தனை (இரண்டு வாரம் வரை கொடுக்கலாம்), பகுதியில் யார், பிபிஎம் எல்லை, ஊர் திரும்பியவர் விதி, எத்தனை அழைப்பு. இந்தக் கணக்கை வெளியே ஆய்வாக எழுதும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழு அனுமதியை முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே வாங்க வேண்டும், பிறகு வாங்க முடியாது. இப்போது கையில் இருக்கும் குழுவுக்கு 6ஆம் மாத அழைப்பு தாண்டிவிட்டதா? தாண்டவில்லையென்றால் இந்த வாரமே எண்களைப் புதுப்பிக்கத் தொடங்குங்கள். தீபாவளி விடுப்பில் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.